பாதாளச் சாக்கடையில் மழைநீர்

பாதாளச் சாக்கடை என்பது வீடுகளின் கழிவுநீரை நிலத்தடிக் குழாய்கள் வழியே, பெரும்பாலும் நிலச் சரிவின் துணையோடு, நீரேற்று நிலையத்துக்கும் அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கும் கொண்டுசெல்லும் அமைப்பாகும். மழைநீர் தனி வடிகாலில் ஓடிவிடும் என்ற நம்பிக்கையிலேயே இக்குழாய்களின் விட்டம் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. அந்த நம்பிக்கை பொய்க்கும்போது நேர்வதை எளிய கணக்கொன்றே காட்டிவிடும். நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும் என்ற வழக்கமான அளவின்படி, ஐவர் வாழும் வீட்டின் ஒருநாள் கழிவுநீர் 540 லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தாலோ 5,000 லிட்டர் சேரும் என்பதால், மாடிக் குழாயைச் சாக்கடையில் இணைத்துவிட்ட வீடு ஒரே மழையில் ஒன்பது நாள் கழிவுநீருக்கு ஈடானதை உள்ளே அனுப்பிவிடுகிறது. தெருவில் தண்ணீர் தேங்கியதும் ஆள்நுழைவுக் குழியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து, அடையாளத்துக்கு ஒரு வேப்பங்கொப்பைச் செருகிவைக்கும் பழக்கமும் இதே விளைவைத் தருகிறது. மேட்டுத் தெருவில் உள்ளே போன நீர், பள்ளத் தெருவின் மூடியைத் தூக்கிக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது.

குழாய் பழையதானால் மூடியைத் திறக்கவும் வேண்டியதில்லை. கழிவில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, குழாயின் ஈரமான மேற்புறத்தில் நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாக மாறி கான்கிரீட்டை அரிக்க, விரிசல்கள் வழியாகவும் நெகிழ்ந்த இணைப்புகள் வழியாகவும் நிலத்தடி நீர் மண்ணோடு உட்புகுகிறது. மேலே சாலை உள்வாங்கும்போதுதான் இது கண்ணுக்குத் தெரிகிறது. முதுமையோடு போதாமையும் சேர்ந்ததற்குச் சென்னையே சான்று. 1910-இல் வகுக்கப்பட்ட அந்நகரின் கழிவுநீர்த் திட்டம் 1961-ஆம் ஆண்டுக்கு 6.6 லட்சம் மக்களை எதிர்பார்த்தது. அவ்வாண்டுக் கணக்கெடுப்பிலோ 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர்.

விருதுநகர் வட்டாரத்தின் கரிசல் மண், கோடையில் பாளம்பாளமாக வெடித்து மழையில் உப்புவதால், புதைத்த குழாய்களின் இணைப்புகளுக்கு அது தனிச் சோதனை. இங்கு மழையே அரிதென்பதால் வடிகாலைத் தூர்வாரும் அக்கறையும் குறைவு. ஆண்டின் பெருமழையோ வடகிழக்குப் பருவத்தின் சில நாள்களில் கொட்டித் தீர்க்கிறது. அர்ச்சுனா நதியின் குறுக்கே அமைந்த ஆனைக்குட்டம் அணை விருதுநகரின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. அந்நகரின் கழிவுநீரோ கௌசிகா நதியில் கலந்து குல்லூர்சந்தை அணையைச் சென்றடைகிறது. இரு நதிகளும் வைப்பாற்று வடிநிலத்தைச் சேர்ந்தவையே. பெரும்பாலான மாதங்கள் வறண்டு கிடக்கும் கௌசிகாவின் படுகையில் படிந்த கசடும் குப்பையும், நீர்த்துப்போக வாய்ப்பில்லாமலே முதல் வெள்ளத்தில் மொத்தமாக அணைக்குள் இறங்குகின்றன. விவசாயி காத்திருக்கும் அணைநீர் வரும்போதே கறுத்து, ஆகாயத்தாமரைக்கு உரமாகி வருகிறது.