காணாமல் போகும் கட்டி

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததும் டாக்டர்களுக்கு ஏக குஷி. கத்தி வைக்காமலேயே நெஞ்சுக்குள் எட்டிப் பார்க்கலாமே! ஆனால், எக்ஸ்ரே காட்டுவது வெறும் நிழல்தான். சில நிழல்கள் ஆளை ஏமாற்றும்.

நம் வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. நடுவே மெல்லிய இடுக்குகள். இதயம் பலவீனமாகி ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும்போது, பின்னால் நுரையீரலில் ரத்தம் தேங்கி நீர் கசியும். வழக்கமாக அது நெஞ்சின் அடிப்பக்கம் சேரும். எப்போதாவது அந்த இடுக்கில் மாட்டிக்கொள்ளும், பெரும்பாலும் வலது பக்கம். எக்ஸ்ரேயில் உருண்டையாக, ஓரம் தெளிவாக, அச்சு அசல் கட்டி மாதிரியே தெரியும்!

அதனால் என்ன என்கிறீர்களா? 1933-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற சர்ஜன், புற்றுநோய்க்காக ஒருவரின் ஒரு பக்க நுரையீரலை முழுசாக எடுத்தார். ஆள் பிழைத்தார். பெரிய சாதனைதான். ஆனால் அதன்பின், நிழலைத் தப்பாகப் படித்தால் வீணாக நெஞ்சைத் திறக்கும் ஆபத்தும் வந்துவிட்டது.

காப்பாற்றியது, வேறொரு வியாதிக்கு வந்த மருந்து. 1919-ல் வியன்னாவில் ஆல்ஃபிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர், மேகநோய்க்காகப் பாதரசம் கலந்த ஊசி போட்டார். நோயாளிக்குச் சிறுநீர் பல மடங்கு போயிற்று! இதய நோயில் உடம்பு வீங்கிக் கிடந்தவர்களுக்கும் கொடுத்தார்கள். நீர் வடிந்தது.

சந்தேகக் கட்டிக்கும் இதே வைத்தியம்தான். நீரை இறக்கி, மறுபடி எக்ஸ்ரே எடுத்தால் கட்டியைக் காணோம்! 1950-ல் 'சர்க்குலேஷன்' மருத்துவ இதழில் வந்த கட்டுரை, தலைப்பிலேயே இதை 'மறையும் கட்டி' என்றது. 1960-களில் லாசிக்ஸ் வந்ததும் பாதரசம் மெல்ல விடைபெற்றது.

இன்று சி.டி. ஸ்கேன் இடுக்கு நீரைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காக எல்லா நிழலும் நீர்தான் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. மருந்துக்குப் பிறகும் மறையாவிட்டால் விடாமல் சோதிக்க வேண்டும். ஆனால் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறவரின் எக்ஸ்ரேயில் உருண்டை தெரிந்தால், கத்தியை எடுக்குமுன் டாக்டர் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ''இவர் இதயம் எப்படி இருக்கிறது?''