எழுத்தறிவித்த கதைகள்

ஒரு மொழியின் எழுத்தை மக்கள் எதன் பொருட்டுக் கற்கிறார்கள்? உத்தியோகத்தின் பொருட்டு என்பர் சிலர். சமய நூல்களை ஓதும் பொருட்டு என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் மெய்யே. ஆயினும் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. ‘அப்புறம் என்ன ஆயிற்று?’ என்று அறியத் துடிக்கும் ஆவலே அது. இந்த ஆவல் நம் நாட்டில் ஆற்றிய பணியைச் சிறிது காண்போம்.

ஐதராபாத் நகரில் வாழும் தமிழருக்கு உருதுவின் ஓசை புதிதன்று. அம்மொழியில் ‘தாஸ்தான்’ என்னும் நெடுங்கதை மரபு உண்டு. அவற்றுள் தலையாயது பாரசீகத்திலிருந்து வந்த அமீர் ஹம்சாவின் கதை. மந்திரவாதிகளும் அசுரர்களும் மாறுவேட வல்லுநர்களும் நிறைந்த அக்கதையில் அக்பர் சக்கரவர்த்தி பெரிதும் ஈடுபட்டார். அதற்கென ஏறத்தாழ 1,400 ஓவியங்களைத் தீட்டச் செய்தார். வீரச் செயல்களுக்கு நடுவே அதில் ஒரு காதலும் மெல்ல வளர்கிறது. இளவரசி மெஹர் நிகாரிடம் பதினெட்டு நாளில் திரும்புவதாகக் கூறித் தேவதைகள் உறையும் காஃப் மலைநாட்டுக்குச் செல்கிறான் ஹம்சா. நாட்கள் ஆண்டுகளாகின்றன, பதினெட்டு ஆண்டுகள் அவள் காத்திருக்கிறாள். கேட்போரும் அவளுடன் காத்திருந்தனர். கதை சொல்வோரின் திறமையெல்லாம் அந்தக் காத்திருப்பைச் சலிப்பின்றி நீட்டுவதிலேயே இருந்தது.

செவிவழி வந்த இக்கதைகளை அச்சு ஏற்றுக்கொண்டது. 1858இல் லக்னோவில் தோன்றிய நவல் கிஷோர் அச்சகம் ஹம்சாவின் கதைகளை 46 பெருந்தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் புகழ் மிக்கது ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’. திலிஸ்ம் என்றால் மாயத்தால் கட்டப்பட்ட உலகம். ஹோஷ்ருபா என்றால் அறிவைக் கவர்ந்து செல்வது. பெயருக்கேற்பவே அது படிப்போரின் அறிவைக் கவர்ந்து சென்றது. இரவெல்லாம் அமர்ந்து கேட்ட கதை, இரவெல்லாம் விழித்துப் படிக்கும் கதையாயிற்று.

இதே மாய உலகைக் காசி நகரத்து எழுத்தாளர் தேவகி நந்தன் கத்ரி இந்திக்குக் கொணர்ந்தார். காட்டுக் குத்தகை எடுத்து, நௌகட் பகுதியின் கானகங்களிலும் பாழடைந்த கோட்டைகளிலும் அவர் திரிந்தவர். அந்த அனுபவத்தின் விளைவே 1888இல் வெளிவரத் தொடங்கிய ‘சந்திரகாந்தா’. நௌகட் இளவரசன் வீரேந்திர சிங்கும் விஜயகட் இளவரசி சந்திரகாந்தாவும் தொடக்கத்திலேயே காதலர். ஆயினும் திலிஸ்மின் பூட்டுகள் ஒவ்வொன்றாக உடைந்த பின்னரே அவர்கள் கைகூட முடிகிறது. அதன் தொடர்ச்சியான ‘சந்திரகாந்தா சந்ததி’ 24 பாகங்களாக விரிந்தது.

அக்காலத்தில் வடமேற்கு மாகாணத்து நீதிமன்றங்களில் நாகரி எழுத்துக்கு இடமில்லை. 1900ஆம் ஆண்டு ஆணைக்குப் பின்னரே அது வாய்த்தது. ஆதலின் இந்தி படிப்பதால் வேலை கிடைக்கும் நிலை அன்று இருக்கவில்லை. இருந்தும் உருது மட்டுமே அறிந்த பலர் கத்ரியின் நாவல்களைப் படிப்பதற்காகவே நாகரி எழுத்தைக் கற்றனர். இதைப் பதிவு செய்தவர் இலக்கிய வரலாற்றாசிரியர் இராமசந்திர சுக்லர். இந்த நாவல்களை உயர்ந்த இலக்கியமாகக் கொள்ள அவர் இசையவில்லை. ஆனால் இந்திக்கு இத்தனை வாசகரை ஆக்கித் தந்தவர் வேறெவரும் இலர் என்பதை ஒப்புக்கொண்டார். நீதியரசர் போன்ற அத்திறனாய்வாளரின் வாக்கு நம் கருத்துக்குரியது.

தமிழகம் இவ்வனுபவத்தை அறியாததன்று. 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் ‘பொன்னியின் செல்வன்’ வெளிவந்தபோது, வந்தியத்தேவன் குந்தவையரின் உள்ளக் கருத்தை அறிய வாசகர் வாரந்தோறும் தவங்கிடந்தனர். இதழ்களிலிருந்து பக்கங்களைக் கழற்றிப் பைண்டு செய்து வைத்த இல்லங்கள் பல. வாரத்துக்கு ஒரு வாய் உணவாக வந்த கதை, பின்வந்த தலைமுறைக்கு ஒரே மூச்சில் உண்ணும் விருந்தாயிற்று. சிறுவர்க்கு, 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தோன்றிய ‘அம்புலிமாமா’ இருந்தது. தாசரி சுப்பிரமணியம் தெலுங்கில் எழுதிய மாயாஜாலத் தொடர்கதைகள் தமிழிலும் வெளிவந்தன. ஒரே பூதத்துக்கு ஐதராபாத்துப் பிள்ளையும் மதுரைப் பிள்ளையும் ஒருங்கே அஞ்சின.

இவ்வரலாறு நமக்கு ஏன் வேண்டும்? செகந்திராபாத்தின் பாசறையை ஒட்டியும், படைவீரர் குடியிருப்பாக எழுந்த சைனிக்புரி போன்ற பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டில் பேச்சு தமிழ். பள்ளியில் எழுத்து தெலுங்கு, இந்தி, ஆங்கிலம். பாட்டியுடன் சரளமாக உரையாடும் பிள்ளை, பாட்டியின் கடிதத்தைப் படிக்க அறியாது. மும்பையிலும் தில்லியிலும் நிலைமை இதுவே. தாய்மொழிப் பற்றைக் குறித்து அறிவுரை கூறினால் பிள்ளைகள் பணிவுடன் கேட்டுக்கொள்வர். எழுத்தைக் கற்க மாட்டார்கள்.

அவர்கள் ஆங்கிலத்தில் மந்திரக் கதைத் தொடர்களைப் பாகம் பாகமாக, உணவையும் மறந்து படிப்பதைக் காண்கிறோம், கடிந்தும் கொள்கிறோம். கடிதல் வேண்டா. நாகரியைக் கற்பித்த பசி அதுவே அன்றோ? பெற்றோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நாள்தோறும் ஓர் அத்தியாயம் உரக்கப் படியுங்கள். வந்தியத்தேவன் ஆபத்தில் சிக்கும் இடத்தில் நூலை மூடி, கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். மறுநாள் வரை பொறுக்க இயலாத பிள்ளை, எழுத்துக் கூட்டியேனும் அடுத்த பக்கத்தைப் புரட்டும்.