பூனைகள் எதையும் நம்பவில்லை: நியூரோஃபீட்பேக்கின் அறுபது வருடக் கதை

ஒரு தோழி கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்த எபிசோட் வந்தது. அவளுடைய அக்கா பையனுக்கு ஏ.டி.ஹெச்.டி இருக்கிறது. ஒரு கிளினிக்கில் நியூரோஃபீட்பேக் சிகிச்சை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை வேண்டாம், நாற்பது செஷன், பையன் தலையில் சென்சார் மாட்டிக்கொண்டு ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்தால் போதும். நோட்டீஸில் 'அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அங்கீகரித்தது' என்று வேறு போட்டிருக்கிறது. "இது நிஜமாவே அங்கீகாரம் வாங்கினதா?"ன்னு கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் அந்த சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். மூளையின் மின் அலைகளை மண்டைக்கு வெளியிலிருந்தே பதிவு செய்வதுதான் இ.இ.ஜி. ஜெர்மனியில் யேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924ல் இதைச் செய்தார், 1929ல் வெளியிட்டார். வெளியிட்டபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1934ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் அதைத் திரும்பச் செய்து காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நியூரோஃபீட்பேக்கில், அந்த அலையை அப்போதைக்கு அப்போதே உங்களுக்கே திருப்பிக் காட்டுகிறார்கள். அலை அவர்கள் விரும்பும் பக்கம் நகர்ந்தால் ஒரு பீப் சத்தம், அல்லது கேமில் கார் ஓடும். நகராவிட்டால் கார் நிற்கும். மூளை தன்னைத் தானே பழக்கிக்கொள்ளும் என்பதுதான் ஐடியா.

1958 வாக்கில் சிகாகோவில் ஜோ கமியா என்ற உளவியலாளர் ஒரு எளிமையான சோதனை செய்தார். ஒருவரை இருட்டறையில் படுக்கவைத்து, அவ்வப்போது மணி அடித்து, "இப்போ உன் மூளையில் ஆல்ஃபா அலை ஓடுதா இல்லையா?"ன்னு கேட்பது. பதில் சரியா தப்பா என்று உடனே சொல்லிவிடுவார். முதல் நாள் குருட்டு யூகம்தான். சில நாள் பழகியதும் பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். தன் மூளை அலையை மனிதன் உணர முடியும் என்பது அன்றைக்கு ரொம்பப் பெரிய விஷயம்.

ஆனால் மருத்துவத்துக்குள் இதைக் கொண்டுவந்தது பூனைகள். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

1960களில் கலிஃபோர்னியாவில் பேரி ஸ்டெர்மன் பூனைகளின் தூக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பூனை அசையாமல், ஆனால் விழிப்போடு காத்திருக்கும்போது மூளையின் ஒரு பகுதியில் 12 முதல் 15 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு அலை வருவதைக் கவனித்தார். அந்த அலை வரும்போதெல்லாம் கொஞ்சம் பாலும் கோழிச் சாறும் கொடுத்தார். பூனைகள் அந்த அலையைத் தாங்களாகவே வரவழைக்கக் கற்றுக்கொண்டன. சுவாரஸ்யமான ஆய்வு, அவ்வளவுதான். அதோடு முடிந்திருக்கும்.

பிறகு அவரிடம் வேறொரு வேலை வந்தது. ராக்கெட் எரிபொருளில் இருக்கும் மோனோமெத்தில் ஹைட்ரசின் என்ற ரசாயனம் உடம்புக்கு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அது வலிப்பை உண்டாக்கும். லேபில் இருந்த பூனைகளுக்கு ஊசி போட்டார். எல்லாவற்றுக்கும் வாந்தி, மூச்சிரைப்பு, பிறகு வலிப்பு. ஆனால் சில பூனைகளுக்கு மட்டும் வலிப்பு மிகத் தாமதமாக வந்தது, சிலவற்றுக்கு வரவே இல்லை. ஏன் என்று பழைய குறிப்புகளைப் புரட்டினால், அவை முந்தைய ஆய்வில் அலைப் பயிற்சி எடுத்த பூனைகள்!

இந்த முடிவு ஏன் இவ்வளவு வலுவானது? பூனைக்கு எதிர்பார்ப்பு கிடையாது. 'டாக்டர் நல்லவர், மெஷின் விலை அதிகம், எனக்குக் குணமாகிவிடும்' என்று பூனை நினைக்காது. ஸ்டெர்மனும் இந்த முடிவைத் தேடிப் போகவில்லை. பிளாசிபோ நுழைய வழியே இல்லாத ஒரு கண்டுபிடிப்பு அது. 1972ல் ஸ்டெர்மனும் அவருடைய சக ஆய்வாளரும், வலிப்பு நோய் இருந்த 23 வயதுப் பெண் ஒருவருக்கு இதே பயிற்சியைக் கொடுத்து, வலிப்பு வெகுவாகக் குறைந்ததாக எழுதினார்கள்.

கதை மனிதர்களிடம் வந்ததும் சிக்கல் ஆரம்பித்துவிட்டது.

அது ஹிப்பிகள் காலம். ஆல்ஃபா அலை என்றால் தியானம், அமைதி, ஞானம் என்று பத்திரிகைகள் எழுதின. வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆல்ஃபா மெஷின்கள் விற்றன. 1974ல் மார்ட்டின் ஆர்னும் பாஸ்கெவிட்ஸும் ஒரு சோதனை செய்தார்கள். ஆல்ஃபா குறைந்தால் ஷாக் வரலாம் என்று சொல்லி ஆட்களைப் பயமுறுத்தினார்கள். ஆட்கள் பயந்தார்கள், இதயத் துடிப்பு ஏறியது, ஆனால் ஆல்ஃபா குறையவில்லை. அதாவது ஆல்ஃபா இருந்தால் நிம்மதி என்ற கணக்கே தப்பு. மெஷின் மோகம் வடிந்தது. பல்கலைக்கழகங்களில் இந்தத் துறைக்கு இருந்த மரியாதையும் அதோடு சேர்ந்து வடிந்தது. ஸ்டெர்மனின் பூனைகளையும் இதே கூடையில் போட்டுவிட்டார்கள். அது அநியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதன் பிறகு இந்தத் துறை ஓரமாக, கிளினிக்குகளில் வளர்ந்தது. 1976ல் டென்னஸியில் ஜோயல் லூபர் இதைத் துறுதுறுப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்குக் கொண்டுபோனார். இன்றைய ஏ.டி.ஹெச்.டி சந்தையின் வேர் அங்கேதான். 1981ல் பயோஃபீட்பேக் செய்பவர்களுக்குச் சான்றிதழ் தர ஒரு அமைப்பு வந்தது. 2000களின் தொடக்கத்தில் இத்துறையின் சங்கங்களே, ஒரு சிகிச்சைக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று சொல்ல ஐந்து படி கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தன. 2009ல் ஆர்ன்ஸ் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்து, ஏ.டி.ஹெச்.டிக்கு நியூரோஃபீட்பேக் அந்த அளவுகோலில் உச்சியில், ஐந்தாம் படியில் இருக்கிறது என்று எழுதினார்கள். நான் எழுதின கோடை நானே ரிவ்யூ பண்ணி அப்ரூவ் பண்ண ஆபீஸில் யாரும் விடமாட்டார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

சரி, அந்த நோட்டீஸ் வாசகம் எங்கிருந்து வந்தது? 2012ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி, உளவியல் சிகிச்சைகளுக்கான ஆதாரங்களை வரிசைப்படுத்திய ஓர் அட்டவணையைத் தன் தளத்தில் வைத்தது. தயாரித்தது ஒரு தனியார் நிறுவனம். கவனக்குறைவு, துறுதுறுப்பு என்ற வரிசையில் 'பயோஃபீட்பேக்' முதல் நிலையில் இருந்தது. அட்டவணையில் இருந்த ஒரு கட்டம், விளம்பரத்தில் 'அகாடமியின் அங்கீகாரம்' ஆகிவிட்டது. இன்னொரு விளம்பரம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏவைச் சொல்லும். இந்த வகைக் கருவிகளில் பெரும்பாலானவை 'ரிலாக்சேஷன் பயிற்சி' என்ற பெயரில்தான் சந்தைக்கு வருகின்றன. அபார்ட்மென்ட் லிஃப்டில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் மாதிரி. லிஃப்ட் அறுந்து விழாது என்பதற்குத்தான் அது. நாலாவது மாடியில் நல்ல டாக்டர் இருக்கிறார் என்பதற்கு இல்லை.

உண்மையான சண்டை போலிச் சிகிச்சை பற்றியது. ஒரு குழுவுக்கு நிஜ அலை, இன்னொரு குழுவுக்குப் போலி சிக்னல். யாருக்கு எது என்று குழந்தை, பெற்றோர், தெரபிஸ்ட் யாருக்குமே தெரியக் கூடாது. சிகிச்சை தருபவர்கள் பல வருடம் இதை எதிர்த்தார்கள். வேலை செய்யும் சிகிச்சை ஏற்கெனவே இருக்கும்போது நோயாளிக்குப் போலி கொடுப்பது அறமில்லை என்று ஹெல்சிங்கி பிரகடனத்தைக் காட்டி 2001ல் இருவர் எழுதினார்கள். போலி ஆய்வுகளில் கேமின் கடினத்தை மெஷினே மாற்றுகிறது, அனுபவமுள்ள தெரபிஸ்ட் கையால் மாற்றினால்தான் குழந்தை கற்கும் என்றும் வாதம் வந்தது. இது வெறும் சால்ஜாப்பு இல்லை. ஆனால் 2013ல் சோனுகா-பார்க் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். சிகிச்சை நடப்பது தெரிந்த பெற்றோர் மதிப்பெண் போட்டால் முன்னேற்றம் இருக்கிறது. தெரியாதவர்கள் போட்டால் அது கரைந்துவிடுகிறது.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வந்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆதரவாளர்களும் சந்தேகப்படுபவர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே ஆய்வை வடிவமைத்தார்கள். 7 முதல் 10 வயது வரையிலான 144 குழந்தைகள், ஆளுக்கு 38 செஷன். போலிக் குழுவுக்குக் காட்டியது வேறொரு குழந்தையிடம் முன்பே பதிவுசெய்த அலை. வெறும் பழைய ரெக்கார்டிங்கை ஓட்டினால் குழந்தை கண்டுபிடித்துவிடும், இல்லையா? கண் சிமிட்டினால் ஸ்கிரீனில் ஒன்றும் ஆகாதே. அதனால் இந்தக் குழந்தையின் சிமிட்டலையும் அசைவையும் மட்டும் நேரடியாக எடுத்து அந்த ரெக்கார்டிங் மேல் ஏற்றினார்கள். என்ன ஒரு டெஸ்ட் டிசைன்!

முடிவு 2021ல் வந்தது. நிஜ அலை பார்த்த குழந்தைகளின் கவனம் நன்றாக முன்னேறியிருந்தது. போலி அலை பார்த்தவர்களின் கவனமும் அதே அளவுக்கு முன்னேறியிருந்தது. 13 மாதம் கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் இல்லை.

ஆக, நாற்பது வருடமாக "என் கிளினிக்கில் குழந்தைகள் தேறுகிறார்கள்" என்று சொன்ன தெரபிஸ்ட்டுகள் பொய் சொல்லவில்லை. குழந்தைகள் தேறினார்கள்தான். வாரத்துக்குச் சில தடவை ஒரு பெரியவர் முழுக் கவனத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, அசையாமல் இருந்தால் பாராட்டுகிறார். நாளும் போகிறது, வயதும் ஏறுகிறது. அதற்கு அந்தக் குழந்தையின் மூளை அலை தேவைப்படவில்லை, பக்கத்து ஊர்க் குழந்தையின் அலையே போதுமாக இருந்தது. பிளாசிபோவாகவே இருந்தால் என்ன, பயன்படுத்தலாமே என்று கேட்பவர்களும் உண்டு. பணமும் பள்ளி நேரமும் செலவாகாமல் இருந்தால் நானும் அப்படித்தான் கேட்பேன். அதைவிட, வேலை செய்கிற மாத்திரையை நிறுத்திவிட்டு இங்கே வருகிற குழந்தைகளை நினைத்தால்தான் கவலை.

முதல் நிலையில் கட்டம் போட்ட அதே அகாடமி, 2019ல் வெளியிட்ட ஏ.டி.ஹெச்.டி வழிகாட்டியில் இ.இ.ஜி பயோஃபீட்பேக்கைப் பரிந்துரைக்கவில்லை. ஆதாரம் போதாதவை அல்லது பெரிய பலன் இல்லாதவை என்ற பட்டியலில் சேர்த்துவிட்டது. 2024 கடைசியில் 38 ஆய்வுகள், 2,472 பேரை வைத்து ஒரு பெரிய தொகுப்பு வந்தது. மொத்தத்தில் அர்த்தமுள்ள பலன் இல்லை என்றது. பழகிப்போன நிலையான முறைகளை மட்டும் தனியாகப் பார்த்தால் மிகச் சிறிய பலன் தெரிகிறது என்றும் சொன்னது. அந்தச் சின்ன இடத்தில்தான் அடுத்த வாக்குவாதம் நடக்கும்.

வலிப்பு நோய்? கதை தொடங்கிய இடமே அதுதானே. 1970 முதல் 2005 வரை வந்த 63 ஆய்வுகளை எடுத்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2009ல் வந்தது. கணக்குப் போடும் அளவுக்குத் தகவல் இருந்தது 10ல் மட்டும்தான். அந்த 10ல் வலிப்பு குறைந்திருந்தது, அதுவும் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாளிகளிடம். பெரும்பாலும் சிறிய சிறிய ஆய்வுகள். பூனைகளிடம் கிடைத்த நல்ல கேள்வியை விட்டுவிட்டு, பணமும் கவனமும் ஏ.டி.ஹெச்.டி பக்கம் போய்விட்டது.

அடுத்த எபிசோடில் இதற்கு நேர் எதிரான கதை. மருத்துவ உலகம் சீக்கிரமே தலையில் தூக்கி வைத்து, 1949ல் நோபல் பரிசும் கொடுத்த ஒரு மூளைச் சிகிச்சை: லோபாட்டமி. அதுவரை, வணக்கம்.