‘அவனாத்தானே எறங்குனான்?’

சாக்கடைக்குள் விஷவாயு தாக்கி ஒருவன் செத்தால், ஊரில் ஒப்பாரிக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. ‘அவனாத்தானே எறங்குனான்?’ செப்டிக் டேங்க் வைத்திருக்கும் வீட்டுக்காரர் கேட்பார், கான்ட்ராக்டர் கேட்பார், ஸ்டேஷனில் ஏட்டையாவும் கேட்பார். இரண்டாவது கேள்வி, ‘குடிச்சிருந்தானா?’ பிழைத்துக் கிடப்பவனிடம் மூன்றாவதாக ஒன்று கேட்பார்கள்: ‘பாத்து எறங்கக் கூடாதாப்பா?’

இவை சும்மா வாய்க்கு வந்த பேச்சு என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. இந்தக் கேள்விகளுக்குச் சட்டத்தில் ஒரு வம்சாவளி உண்டு. நஷ்டஈடு என்று கேட்டுப்போகிற நம் ஆட்கள் எதிர்கொள்வது ஒரு கான்ட்ராக்டரின் பேச்சை மட்டுமல்ல, ஏறக்குறைய இருநூறு வருஷத்து நீதிமன்றப் பேச்சையும்தான். நம்மை ஆண்ட சட்டம் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது என்பதால் கதையை அங்கிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

1837. ஒரு கசாப்புக்கடையில் வேலை செய்த ஆள், முதலாளியின் சரக்கு வண்டியில் போகிறார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து விழுகிறது. அவர் தொடை எலும்பு முறிகிறது. ஜூரிகள் அவருக்கு 100 பவுன் தரச் சொல்கிறார்கள். மேலே போன வழக்கில் நீதிபதி அபிங்கர் பிரபு அதை அடித்துவிட்டார். அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். இதை அனுமதித்தால் நாளைக்கு ஈரப் படுக்கையை விரித்த வேலைக்காரிக்காகவும் எஜமான் இன்னொரு வேலைக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டிவருமாம். தவிர, ஆபத்து எஜமானுக்குத் தெரிகிற அளவு வேலைக்காரனுக்கும் தெரியும். பிடிக்காவிட்டால் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்றும் சொன்னார்.

‘மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே.’ நம்ம ஊர் வீட்டுக்காரர் சொல்வதும் இதையேதான். பிரபு கொஞ்சம் நல்ல இங்கிலீஷில் சொன்னார், அவ்வளவுதான்.

இந்தத் தீர்ப்பை ஒட்டி உழைக்கிறவனுக்கு எதிராக மூன்று பூட்டுகள் வந்து சேர்ந்தன. கூட வேலை செய்தவனின் தப்பால் அடிபட்டால் முதலாளி பொறுப்பில்லை. ஆபத்து தெரிந்தே வேலைக்கு வந்தால் அதை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். தன் கவனக்குறைவும் துளி இருந்தால் ஒன்றும் கிடையாது. சுரங்கத்திலும் ரயில்பாதையிலும் கை கால் போன ஆங்கிலத் தொழிலாளிகள் இந்தப் பூட்டுகளை ஒவ்வொன்றாக உடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. 1891-இல், தலைக்கு மேல் கிரேனில் கல் போய்க்கொண்டிருக்கக் கீழே பாறையைத் துளைத்த ஒரு தொழிலாளியின் வழக்கில், ஆபத்து தெரியும் என்பது வேறு, ஆபத்துக்கு ஒப்புக்கொண்டான் என்பது வேறு என்று பிரபுக்கள் சபை சொன்னது. 1897-இல் சட்டம் வந்தது: வேலையில் அடிபட்டால் யார் தப்பு என்று கேட்காமலேயே நஷ்டஈடு. முதல் பூட்டு முழுசாக உடைந்து விழ 1948 ஆயிற்று.

அந்த 1897-ஐப் பார்த்து இங்கே எழுதப்பட்டதுதான் 1923-ஆம் வருஷத்து தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். மோசமான சட்டம் என்று சொல்ல மாட்டேன். அதிலுள்ள சில பிரிவுகள் நம் தோழர்களுக்கே தெரியாமல் கிடக்கின்றன. உதாரணத்துக்கு அந்தக் குடி விவகாரம். குடிபோதையில் இருந்ததால் நேரடியாக விபத்து நடந்தது என்றால் முதலாளி தப்பிக்கலாம் என்று 3-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதே பிரிவு, சாவு நேர்ந்திருந்தால் அந்தச் சாக்கு செல்லாது என்றும் சொல்கிறது. 1995 திருத்தத்துக்குப் பிறகு நிரந்தரமாக முழு ஊனம் ஆனவர் விஷயத்திலும் செல்லாது. அப்புறமும் பிணத்தை வைத்துக்கொண்டு ‘குடிச்சிருந்தானா?’ என்று கேட்கிறார்களே, அது சட்டத்துக்காகக் கேட்பது இல்லை. பொண்டாட்டி பிள்ளைகள் கூனிக்குறுகிப் போவதற்காகக் கேட்பது.

8-ஆம் பிரிவு இன்னும் முக்கியம். செத்தவருக்கான நஷ்டஈட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். முதலாளி குடும்பத்தின் கையில் நேரடியாகத் திணித்த பணம், சட்டம் முன்பணமாக அனுமதிக்கும் சிறு தொகை தவிர, நஷ்டஈட்டுக் கணக்கில் சேராது. 17-ஆம் பிரிவின்படி, உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. ஆஸ்பத்திரி வாசலில் பத்தாயிரத்தையும் இருபதாயிரத்தையும் கையில் வைத்துவிட்டு வெள்ளைத்தாளில் ரேகை வாங்குகிறார்களே, அந்தத் தாளுக்கு இந்தச் சட்டத்தின் முன்னால் ஒரு மரியாதையும் கிடையாது.

அப்படியானால் இந்தச் சட்டம் ஏன் சேரிக்கு வரவில்லை? ‘தொழிலாளி யார்’ என்று அது சொன்ன இடத்தில்தான் சூட்சுமம். முதலாளியின் தொழிலுக்காகவோ வியாபாரத்துக்காகவோ அல்லாமல், தற்செயலாக வேலைக்கு வைக்கப்பட்டவர் தொழிலாளி ஆக மாட்டார் என்றது அந்த விளக்கம். யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டுக்காரர், வருஷத்துக்கு ஒருநாள், தன் வீட்டு மலக்குழியை அள்ள ஓர் ஆளைக் கூப்பிடுகிறார். மலம் அள்ளுவது அவருடைய வியாபாரம் இல்லை. வந்தவர் ஒருநாள் ஆள். சட்டத்தில் ஆளைச் சொல்லாமலேயே ஆளை அடையாளம் காட்டி வெளியே நிறுத்திவிட்டார்கள். இந்தத் தற்செயல் விலக்கை எடுக்க 2000-ஆம் வருஷத் திருத்தம் வரை, 77 வருஷம் ஆயிற்று. 2009-இல் சட்டத்தின் பேரில் ‘தொழிலாளர்’ போய் ‘பணியாளர்’ வந்தது. 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அந்தச் சட்டமே கரைக்கப்பட்டது. வெளியே நின்றவர்களின் கதையை எந்தத் திருத்தத்திலும் எழுதவில்லை.

வெளியே நிறுத்தியதுகூடப் பாதிக் கதைதான். அபிங்கர் பிரபுவின் வேலைக்காரன் ‘மாட்டேன்’ என்று சொல்லலாம் என்றாரே, இங்கே சொல்ல முடியுமா? 1916-ஆம் வருஷத்து ஐக்கிய மாகாண நகராட்சிகள் சட்டத்தைப் புரட்டினால் பதில் கிடைக்கும். நகராட்சியில் வேலை பார்க்கும் துப்புரவுத் தொழிலாளி அனுமதியில்லாமல் வேலையை விட்டாலோ, தகுந்த காரணமில்லாமல் வராமல் இருந்தாலோ, இரண்டு மாதம் வரை ஜெயில். மற்ற கூலிக்காரன் வேலையை விட்டால் கூலி போகும். இவன் விட்டால் ஜெயில். சாதி பிறப்பால் கட்டிவைத்ததை வெள்ளைக்காரன் போட்ட சட்டம் விலங்கு போட்டு இறுக்கியது. இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு ‘அவனாத்தானே எறங்குனான்’ என்று கேட்க ஒரு தனி மனசு வேண்டும்.

இதுவரை பேசியது பெரும்பாலும் செத்தவர்களைப் பற்றி. பிழைத்தவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல நினைத்தேன். நம் இயக்கங்களே சாவு நடந்தால்தான் மறியலுக்குப் போகின்றன. குழியிலிருந்து உயிரோடு தூக்கப்பட்டவன் மூணாம் நாள் வீட்டுக்கு வந்துவிடுகிறான், செய்தி முடிந்துவிடுகிறது.

குழியில் இருக்கும் முக்கியமான விஷம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாத்தம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது. ‘வாயு போயிருச்சு, எறங்கலாம்’ என்று நினைப்பது அந்த நேரத்தில்தான். இன்னும் கூடினால் ஒன்றிரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான். அப்படிச் சாய்ந்து பிழைத்தவர்களில் பலருக்கு மூச்சிரைப்பு, விடாத தலைவலி, தலைச்சுற்றல், ஞாபகமறதி தங்கிவிடுகிறது. வெளியே பார்த்தால் காயம் ஒன்றும் இருக்காது. ‘நல்லாத்தானே இருக்கான்’ என்பார்கள்.

1923 சட்டத்தின் முதல் அட்டவணை உடம்பைத் துண்டு துண்டாக விலைபோட்டது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் போச்சு. ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரு கண் போனால் 40. மில்லையும் பிரஸ்ஸையும் மனதில் வைத்து எழுதிய கணக்கு இது. இரும்பு கடித்தால் என்ன போகும் என்று அதற்குத் தெரியும். மறந்துபோன பேர், படியேறினால் அடைக்கிற நெஞ்சு, ராத்திரி தூக்கத்தில் குழிக்குள் விழுகிற பயம் இவற்றுக்கு அதில் வரி கிடையாது. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு டாக்டர் சக்தியிழப்பை மதிப்பிட்டுத் தர வேண்டும் என்று ஒரு வழி இருந்தது. ஆனால் வாயு தாக்கியது என்று எந்தச் சீட்டிலும் எழுதப்படாதவனுக்கு எந்த டாக்டர் மதிப்பிடுவார்?

குற்றவியல் சட்டத்திலும் இதே கதை. 1860-இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 337-ஆம் பிரிவு, அசட்டையால் ஒருவருக்குக் காயம் உண்டாக்கினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது. அந்தச் சட்டம் 2024 ஜூன் 30 வரை அமலில் இருந்தது. தொகை கடைசிவரை மாறவில்லை.

குழியில் அடிபடுவது ஒருத்தர் மட்டும் இல்லை. முதலில் ஒருவர் சாய்வார். அவரைத் தூக்கத் தம்பி இறங்குவார், அப்புறம் கூட வந்தவர் இறங்குவார். மறுநாள் பேப்பரில், முன்யோசனை இல்லாமல் அடுத்தடுத்து இறங்கினார்கள் என்று எழுதுவார்கள். 1959-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு முடிந்தது. கிணற்றைத் துப்புரவு செய்யப் பெட்ரோல் பம்பு வைத்ததில் கார்பன் மோனாக்சைடு நிரம்பி இரண்டு தொழிலாளிகள் உள்ளே விழுந்தார்கள். காப்பாற்ற ஒரு டாக்டர் கயிறு கட்டி இறங்கினார். அவரும் செத்தார். தானாக இறங்கினார், நாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி வாதாடியது. ஆபத்தை உண்டாக்கியவன், காப்பாற்ற வருகிறவனுக்கும் பொறுப்பு என்று கோர்ட் சொல்லி, டாக்டர் குடும்பத்துக்கு நஷ்டஈடு தரவைத்தது. டாக்டர் இறங்கினால் தியாகம், நம்ம பையன் இறங்கினால் அவசரபுத்தி!

டெல்லியில் 1985 டிசம்பரில் ஓர் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. போபாலுக்கு மறுவருஷம். அதை ஒட்டி 1986 டிசம்பரில் உச்சநீதிமன்றம், ஆபத்தான தொழில் நடத்துகிறவர், கவனமாக இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது, முழுப்பொறுப்பு ஏற்க வேண்டும் என்றது. பெரிய முன்னேற்றம். ஆனால் சாக்கடைக்குள்ளும் அதே மாதிரி கொல்லும் வாயுதான் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. 1993-இல் வந்த கையால் மலமள்ளும் தடைச் சட்டமும் உலர் கழிப்பிடத்தைப் பேசியதே தவிர சாக்கடைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

2003-இல் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்சநீதிமன்றம் போனது. வழக்கு பதினோரு வருஷம் நடந்தது. வழக்கு நடக்கும்போதே புதுச் சட்டம் வந்தது. அமலுக்கு வந்த நாள் 2013 டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாள். அந்தச் சட்டம் தடுப்பது ‘அபாயகரமான’ துப்புரவை. அதாவது பாதுகாப்புக் கருவி தராமல் இறக்குவதை. கருவி தந்துவிட்டால் மனிதனை இறக்கலாம் என்று ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. 2014 மார்ச் 27-இல் தீர்ப்பு: 1993 முதல் சாக்கடையில் செத்த ஒவ்வொருவரையும் கண்டுபிடித்துக் குடும்பத்துக்கு 10 லட்சம். ‘கண்டுபிடித்து’ என்ற சொல்தான் இதில் பெரிசு. குடும்பம் வந்து கெஞ்ச வேண்டாம், அரசு தேடிப் போக வேண்டும். நடந்தது தலைகீழ்.

அந்த 10 லட்சத் தீர்ப்பிலும் பிழைத்தவனுக்கு இடமில்லை. 2023 அக்டோபர் 20-இல்தான் அது வந்தது. நீதிபதிகள் ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு, 1993-இல் 10 லட்சம் என்றால் இன்றைக்கு 30 லட்சம் என்று சாவுக்கான தொகையைக் கூட்டியது. ஊனமானவருக்கு 10 லட்சத்துக்குக் குறையாமல், நிரந்தர ஊனமாகிப் பிழைப்பு போனவருக்கு 20 லட்சத்துக்குக் குறையாமல் என்றது. 1837-இலிருந்து எண்ணினால் 186 வருஷம். குழிக்குள்ளிருந்து உயிரோடு வந்தவனுக்கு ஒரு தொகை எழுதப்பட்டது அப்போதுதான்.

இந்தத் தொகையைக் கேட்பதற்கு முதல் காகிதம் ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் இருக்கிறது. அடிபட்டவரைக் கொண்டுவந்தது யார், எப்படி நடந்தது என்று அதில் இரண்டு வரி எழுதுவார்கள். பெரும்பாலும் கொண்டுவருவது கான்ட்ராக்டரின் ஆள். அவன் ‘வழுக்கி விழுந்துட்டான்’ என்பான், டூட்டி டாக்டர் அதையே எழுதுவார். எஃப்.ஐ.ஆரும் அதைப் பார்த்தே எழுதப்படும். ஆறு மாதம் கழித்து நினைவு தடுமாறுகிற ஒருவனை அழைத்துக்கொண்டு ஊனச் சான்றிதழுக்குப் போனால், ‘வழுக்கி விழுந்ததுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பார்கள். ஆகவே தகவல் வந்ததும் கலெக்டர் ஆபீஸுக்கு ஓடுவதற்கு முன்னால் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்தத் தெரு, யார் வீட்டுக் குழி, யார் கூப்பிட்டது, எத்தனை அடி ஆழம், வாயு தாக்கி மயங்கினார் என்பதைச் சொல்லி எழுதவைத்து, நகல் கேட்டு வாங்குங்கள்.