புனிதர் திருவுருவ அடையாளங்கள்

பழங்காலப் புனிதர்களின் முகச்சாயல் யாருக்கும் தெரியாது. ஆகவே கையில் ஏந்திய பொருளையும் உடையையும் கொண்டே கிறித்தவக் கலை அவர்களை இன்னாரெனக் காட்டுகிறது. இராயப்பருக்குத் திறவுகோல், சின்னப்பருக்கு வாள், சூசையப்பருக்குப் பூத்த கோல். பழுப்பு அங்கியோடு குழந்தை இயேசுவை ஏந்தியிருப்பவர் அந்தோனியார்.

இவ்வடையாளங்கள் காலப்போக்கில் உருவானவை. உரோமையிலுள்ள 7ஆம் நூற்றாண்டு மொசைக் ஓவியமொன்றில் செபஸ்தியார் தாடி வைத்த முதியவராக நிற்கிறார். உடலில் அம்பே இல்லை. அம்பு தைத்த இளைஞராக அவரது உருவம் பரவலானது பின்னாளில்தான். மரபுக் கதைப்படி அம்புகளுக்குத் தப்பிய அவர் பின்னர் தடியால் அடித்துக் கொல்லப்பட்டார் என்பதையும் சேர்த்தே அச்சொரூபத்தைப் பார்க்க வேண்டும். திருவுருவ வணக்கத்தை 787இல் இரண்டாம் நீக்கேயாச் சங்கம் உறுதிசெய்தது.

இலங்கையில் இம்மரபு போர்த்துக்கேயர் காலத்தில் வேரூன்றியது. அவர்கள் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினர். 1638இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தரோ சொரூப வணக்கத்தை ஏற்காத சீர்திருத்தச் சபையினர். அவர்களது ஆட்சியில் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கரைத் தேடி 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசப் வாஸ் அடிகளார், 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

மட்டக்களப்பின் உன்னிச்சைப் பக்கத்தவர்க்கு நன்கு பழகிய உருவம், அண்மையிலுள்ள ஆயித்தியமலைத் திருத்தலத்தின் சதாசகாய அன்னை. இதன் மூலப்படம் மரப்பலகையில் பைசாந்திய முறையில் வரையப்பட்டது. 1866 முதல் உரோமையில் இரட்சகர் சபையாரின் ஆலயத்தில் உள்ளது. படத்தை நெருங்கிப் பார்த்தால் ஒரு நிகழ்வே விரியும். நம் இடப்பக்கம் வானதூதர் மிக்கேல் ஈட்டியும் கடற்காளானும் ஏந்துகிறார். வலப்பக்கம் வானதூதர் கபிரியேல் சிலுவையும் ஆணிகளும் கொண்டுவருகிறார். வரவிருக்கும் பாடுகளைக் கண்டு அஞ்சிய குழந்தை இரு கைகளாலும் தாயின் கையைப் பற்றுகிறது. ஓடிவந்த வேகத்தில் ஒரு காலின் செருப்பு கழன்று வாரில் தொங்குகிறது. குழந்தையின் அச்சத்தை முகத்தைவிட அச்செருப்பே அதிகம் சொல்கிறது. நால்வரின் பெயரும் கிரேக்கச் சுருக்கெழுத்துகளில் உள்ளன.

நகலெடுக்கும்போது முதலில் விடுபடக்கூடியவை இந்தச் சிறு நுணுக்கங்களே. ஆலயத்துக்குப் புதுப்படம் வரைவிப்போர் செருப்பும் ஈட்டியும் எழுத்துகளும் சரியாக உள்ளனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.