விழுந்த இடத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே

கபடி ஆடும்போது கால் பிசகிய பையனை வண்டியில் ஏற்றி, திருத்தணியிலிருந்து வடக்கே நகரி தாண்டிப் புத்தூருக்கு அழைத்துப்போவது இவ்வட்டாரத்தின் பழைய வழக்கம். 1960-இல் திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் அந்தப் போக்குவரத்து குறையவில்லை. பச்சிலைப் பசை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி: புத்தூர் கட்டு என்பது இவ்வளவுதான். சென்னைப் பேட்டைகளிலும் அந்தப் பெயர்ப் பலகைகளைப் பார்க்கலாம்.

படித்தவர்கள் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முறிந்த எலும்பை அசையாமல் நிறுத்து என்பதுதான் எலும்பியல் மருத்துவத்துக்கும் பாலபாடம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எலும்பு முறிந்திருக்கிறதா, நார் கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமலே கட்டிவிடுகிறார்கள். வீக்கம் ஏறிய பிறகும் கட்டைத் தளர்த்தாமல் விட்டுவிடுகிறார்கள். இறுகிய கட்டுக்குள் ரத்த ஓட்டம் நின்றால் சதை செத்துப்போகும். காலையே எடுக்கும்படியும் ஆகலாம். கட்டுப்போட்ட காலின் பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டுப் பாருங்கள். வெளுத்த நகம் இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லையா, கட்டைத் தளர்த்திவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். இதைக் கற்ற ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

அந்த ஒருவர்தான் நம்மிடம் இல்லை. மருத்துவர் மருத்துவமனையில் இருக்கிறார். பி.டி. வாத்தியார் வாயில் விசிலோடு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிசியோதெரபிஸ்டிடம் பெரும்பாலும் வாரக்கணக்கு கழித்துத்தான் போகிறோம். விழுந்த கணத்திலிருந்து மருத்துவமனை வாசல் வரைக்குமான நேரத்தைப் பொறுப்பேற்க நம் பல்கலைக்கழகங்கள் ஆளைத் தயார் செய்யவில்லை. அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே அத்லெட்டிக் ட்ரெய்னர்கள் இருக்கிறார்கள். 1950-இல் அவர்களுக்கு ஒரு தேசியச் சங்கம் உருவானது. 1990-இல் அந்நாட்டு மருத்துவச் சங்கம் இதைத் துணை மருத்துவத் தொழிலாக ஏற்றது. இப்போது முதுநிலைப் பட்டம் இல்லாமல் புதிதாக இந்தத் தொழிலுக்குள் நுழைய முடியாது.

அப்படி என்னதான் படிக்கிறார்கள்? கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட கணுக்கால் விதி ஓர் உதாரணம். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்பின் நுனியிலும், பின் விளிம்பில் 6 செ.மீ. உயரம் வரைக்கும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வலியில்லை, அடிபட்டவர் நான்கு அடி எடுத்தும் வைக்கிறார் என்றால் கணுக்காலுக்கு எக்ஸ்ரே தேவைப்படாது. நம் ஊரிலோ சுளுக்கு என்றதும் எண்ணெய் தடவி உருவத் தொடங்கிவிடுகிறோம். முதல் நாளில் அழுத்தி உருவினால் உள்ளே கசியும் ரத்தமும் வீக்கமும்தான் கூடும்.

இத்தனைக்கும் உடற்கல்வியில் நாம் முன்னோடிகள். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இலேயே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். திருத்தணி தந்த ராதாகிருஷ்ணன் தலைமை தாங்கிய பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948–49), மாணவர்களுக்கு இரண்டாண்டு உடற்கல்வி வேண்டும் என்றது. சேரும்போதும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் முழு உடல் பரிசோதனை நடத்தச் சொன்னது. ஆசிரியர் தினத்தில் அவர் படத்துக்கு மாலை போடும் கல்லூரிகள் இந்தப் பரிந்துரையை எடுத்துப் படித்தால் தேவலை. ஆட்டத்தில் இறங்கும் முன் இதயத்தையும் மூட்டுகளையும் சோதிக்க வேண்டும் என்று இன்றைய விளையாட்டு மருத்துவம் வற்புறுத்துவதற்கு அது வெகு அருகில் நிற்கிறது.

பாட்டியாலாவில் 1961-இல் தேசிய விளையாட்டு நிறுவனம் வந்தது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தில் விளையாட்டு அறிவியலுக்குத் தனி மையமே உண்டு. ஆனால் இவை மட்டும் போதாது; மேலக்கோட்டையூரில் படிப்பவர் மருத்துவமனை வார்டில் நின்று பழகவும், மருத்துவ மாணவர் மைதான ஓரத்தில் ஒரு பருவம் முழுக்க நிற்கவும் பாடத்திட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். திருவள்ளூருக்கு 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதால் இவ்வட்டாரத்தில் இதைத் தொடங்கத் தடையேதும் இருப்பதாகத் தெரியவில்லை.

களப்பயிற்சிக்குத் திருத்தணி முருகன் மலைக்கோயிலின் ஆடிக் கிருத்திகை இருக்கிறது. வெயிலில் காவடி சுமந்து 365 படி ஏறுபவரின் உடல் படும் பாடு ஓட்டப்பந்தய வீரரின் பாட்டுக்குக் குறைந்ததல்ல. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சும் குழறினால் அது வெப்பவாதம். முதலில் குளிரவை, பிறகு ஆம்புலன்ஸில் ஏற்று என்பதுதான் அங்கே விதி. கழுத்து வரை ஐஸ் தண்ணீரில் இறக்கி, அரை மணிக்குள் சூட்டைத் தணித்தாக வேண்டும். மலையடியில் நான்கைந்து தொட்டி, ஐஸ் கட்டி, வெப்பமானி, பயிற்சி மாணவர்கள் இருந்தால் போதும். ஆந்திரப் பக்கத்திலிருந்து வரும் பக்தர்களும் ஏராளம் என்பதால், “வண்டி வந்தாலும் சூடு தணியும்வரை தண்ணீரிலேயே இருக்கட்டும்” என்று உறவினரிடம் தெலுங்கிலும் எடுத்துச் சொல்ல மாணவர்களைப் பழக்க வேண்டும்.