'மே' என்னும் ஆங்கிலத் துணைவினை: பொருளும் வரலாறும்

'மே' என்பது ஆங்கிலத்தில் முதன்மை வினையோடு சேர்ந்து வரும் ஒரு துணைவினை. இன்றைய ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு முக்கியப் பொருள்கள் உண்டு: ஒன்று அனுமதி, மற்றொன்று வாய்ப்பு. தமிழில் இவ்விரண்டையும் '-லாம்' என்னும் ஈறு உணர்த்துகிறது. "நீங்கள் உள்ளே வரலாம்" என்பது அனுமதி. "நாளை மழை வரலாம்" என்பது வாய்ப்பு. வாழ்த்துரைகளில் வரும்போது 'மே' தமிழின் 'வாழ்க', 'வளர்க' போன்ற வியங்கோள் வினைகளுக்கு இணையாகிறது.

தோற்றம்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் பொருள் 'வலிமை பெற்றிருத்தல்', 'இயலுதல்' என்பதாகும். வலிமையைக் குறிக்கும் 'மைட்' என்னும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லும், அதிகாரத்தைக் குறிக்கும் 'மாக்ட்' என்னும் ஜெர்மன் சொல்லும் இதற்கு உறவானவை. காலப்போக்கில் 'இயலும்' என்ற பொருளைக் 'கேன்' என்னும் துணைவினை ஏற்றுக்கொண்டது. 'மே' வாய்ப்பையும் அனுமதியையும் குறிக்கும் சொல்லாக நிலைத்தது.

எதிர்மறையில் எழும் குழப்பம்

'மே நாட்' என்னும் எதிர்மறை வடிவம் இருபொருள் தரும். அது 'வரக்கூடாது' என்ற தடையாகவும் இருக்கலாம். 'வராமலும் போகலாம்' என்ற ஐயமாகவும் இருக்கலாம். தமிழில் இவற்றுக்குத் தனித்தனி வடிவங்கள் உள்ளன. ஆங்கிலத்தில் இடத்தை நோக்கியே பொருள் கொள்ள வேண்டும்.

சட்டத்தில் 'மே'

சட்ட மொழியில் 'ஷல்' கட்டாயத்தையும், 'மே' விருப்புரிமையையும் குறிப்பது பொது வழக்கு. ஆயினும் அதிகாரம் வழங்கும் சொல்லுக்குள் சில சூழல்களில் கடமையும் அடங்கியிருக்கலாம் என்பதை 1880-இல் ஜூலியஸ் எதிர் ஆக்ஸ்ஃபோர்டு பேராயர் வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் அவை ஏற்றுக்கொண்டது. எந்த 'மே' எத்தகையது என்பது விளக்கம் கூறுபவரைப் பொறுத்ததாகிறது.

1963-ஆம் ஆண்டின் விவாதம்

இந்த ஐயம் இந்தியாவில் பெரும் அரசியல் சிக்கலாக வெடித்தது. அரசியலமைப்பின் 343-ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடர இடமளித்தது. அக்காலம் 1965 ஜனவரி 26-இல் முடிவடைய இருந்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்று பிரதமர் நேரு 1959-இல் நாடாளுமன்றத்தில் உறுதியளித்தார். ஆனால் 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, இந்தியுடன் ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்பட'லாம்' என்று 'மே' இட்டே எழுதப்பட்டது.

தொடரலாம் என்றால் தொடராமலும் போகலாம் என்று திராவிட முன்னேற்றக் கழகம் எதிர்த்தது. அதன் தலைவர் அண்ணாதுரை அப்போது மாநிலங்களவை உறுப்பினர். இவ்விடத்தில் 'மே' என்பது 'ஷல்' என்றே பொருள்படும் என்று நேரு விளக்கமளித்தார். ஆனால் சட்டத்தின் சொல் மாறவில்லை. 1964 மே 27-இல் நேரு மறைந்தார். வாக்குறுதி தந்தவர் இல்லை. ஏட்டில் 'மே' மட்டும் இருந்தது.

1965-இல் சென்னை மாநிலத்தில் மாணவர் போராட்டம் மூண்டது. தீக்குளிப்பிலும் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்கள் பலியாயின. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் அளித்தனர். நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் அறிவித்தார்.

திருத்தம்

இந்திரா காந்தி ஆட்சியில், 1967-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்த உறுதிமொழிக்குச் சட்ட வடிவம் தந்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்துக்கும் ஒன்றியத்துக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தில் ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என்பது 'ஷல்' என்னும் சொல்லாலேயே எழுதப்பட்டது. அத்தகைய மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும், பின்னர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றினால் அன்றி இந்த ஏற்பாட்டை நீக்க முடியாது.

3-ஆம் பிரிவின் தொடக்கத்தில் பழைய 'மே' இன்றும் இருக்கிறது. அதன் கீழே காவலாக 'ஷல்' சேர்க்கப்பட்டிருக்கிறது.